தன் நோயைத் தானே அறிந்த டாக்டர்

பிரான்சில் தூர் நகரில் 1801-ல் பிறந்தவர் டாக்டர் அர்மான் துரூசோ. பாரிஸ் ஓதெல் தியே ஆஸ்பத்திரியில் பேர்பெற்ற ஆசிரியராக விளங்கினார். காரணமின்றி ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தால், உள்ளே புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்று 1865-ல் கற்பித்தார்.

பின்னர் அதே அடையாளம் அவர் உடம்பிலேயே தோன்றியது. முடிவு நெருங்கியதை அவரே உணர்ந்தார். 1867 ஜூனில் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார்.

ரத்தப் புற்றுநோயிலும் இது நேரும் என்று பிற்காலத்தில் தெரிந்தது. சிலவகை நோய் அணுக்கள் ரத்தத்தை உறையவைக்கும் பொருளை வெளிவிடுகின்றன. குழாய்க்குள்ளேயே உறைந்து உறைந்து, உறைவதற்கான சத்து தீர்ந்ததும் ரத்தப்போக்கு உண்டாகிறது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராம மக்களும் இதை நினைவில் கொள்ளலாம். எல்லா வீக்கமும் புற்றுநோய் அல்ல. ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால், தைலம் தேய்க்காமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.