செவியெலும்பில் ஒரு கால்வாய்

உயிரியல் கற்கும் மாணவர் யாவரும் பலோப்பியன் குழாய் என்னும் பெயரை அறிவர். கருப்பையோடு இணைந்த அக்குழாய்க்குத் தம் பெயரை ஈந்த கபிரியேலே பலோப்பியோ, மனிதச் செவியின் மறைவிடங்களையும் ஆராய்ந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

அவர் 1523ஆம் ஆண்டு இத்தாலியின் மொடேனா நகரிற் பிறந்தார். வறுமையினால் முதலிலே திருச்சபைப் பணியை மேற்கொண்டார். பின்னரே மருத்துவத்தில் முழுமையாக ஈடுபட்டார். பீசாவிற் கற்பித்தபின், 1551இல் பதுவாப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியற் பேராசிரியரானார். முன்னர் வெசாலியஸ் என்னும் பேரறிஞர் அமர்ந்த பீடம் அது.

வெசாலியஸ் 1543இல் வெளியிட்ட பெருநூல், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகை ஆண்ட கேலனின் கொள்கைகளை அசைத்தது. அந்நூலைப் பலோப்பியோ பெரிதும் போற்றினார். ஆயினும், பெரியோர் கூறினர் என்பதற்காக எதனையும் ஏற்றாரல்லர். சடலத்தை அறுத்துத் தம் கண்ணாற் கண்டதையே நம்பினார்.

செவியின் உட்பாகத்தைச் சூழ்ந்த மண்டையெலும்பு கல்லை நிகர்த்தது. கேள்வி நரம்பும் முகத்தை இயக்கும் நரம்பும் ஒரே வாயிலால் அதனுட் புகுகின்றன. கேள்வி நரம்பு உட்செவியை அடைந்து அங்கே பரவுகின்றது. முகநரம்போ தனியொரு குறுகிய வழியால் வளைந்து சென்று, செவியின் கீழே வெளிப்படுகின்றது. அவ்வழியை விவரித்த பலோப்பியோ அதனை நீர்க்கால்வாய்க்கு ஒப்பிட்டார். உட்செவியின் சுருண்ட பகுதிக்கு நத்தை எனப் பெயரிட்டவரும் அவரே. இன்றும், முகநரம்பு வீங்கி அக்கால்வாயில் நெரிபடுமாயின் முகத்தின் ஒருபாதி அசைவிழக்கின்றது. செவியில் அறுவை செய்யும் மருத்துவர் அக்கால்வாயைப் பெரிதும் அஞ்சிக் காப்பதும் இதனாலேயே.

1561இல் வெனிசில் வெளிவந்த தம் நூலிலே, வெசாலியஸின் பிழைகளைப் பலோப்பியோ பணிவுடன் சுட்டிக்காட்டினார். ஸ்பானிய அரண்மனையில் மருத்துவராயிருந்த வெசாலியஸ் அதனை ஆவலுடன் கற்று, சிலவற்றை ஏற்றும் சிலவற்றை மறுத்தும் அவ்வாண்டு டிசெம்பரில் நீண்டதொரு விடை வரைந்தார். அதை எடுத்துச் சென்ற வெனிஸ் தூதுவரின் பயணம் தடைப்பட்டது. அவர் ஊரை அடைந்தபோது பலோப்பியோ உயிருடன் இல்லை. 1562 ஒக்டோபர் 9ஆந் திகதி, தமது 39ஆம் வயதில் அவர் மறைந்திருந்தார். அவ்விடை 1564இல் அச்சேறியது. அவ்வாண்டிலேயே வெசாலியஸும் மறைந்தார்.

மடல் எட்டவில்லை, மரபு எட்டியது. பலோப்பியோவின் மாணவர் பப்ரீசியஸ் அதே பீடத்தில் அமர்ந்தார். அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி, 1628இல் குருதிச் சுற்றோட்டத்தை உலகுக்கு விளக்கினார். ஆசானை மதித்துக்கொண்டே அவர் பிழையைத் திருத்தும் துணிவே அம்மரபின் உயிர்நாடியாகும்.