சார்லஸ் பிராட்லா சரித்திரச் சுருக்கம்

கிறிஸ்து சமயத்தைக் கண்டித்த மேனாட்டு நாத்திகருள்ளே சார்லஸ் பிராட்லா என்பவர் பெயர்பெற்றவர். பாதிரிமாரோடு வாதஞ்செய்யப் புகும் நம்மவர் சிலர் இவருடைய நியாயங்களை இரவல் வாங்கிக்கொள்வதுண்டு. இரவல் வாங்குமுன் உடையவரை அறிதல் முறையாதலின், இவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இவர் 1833-ஆம் ஆண்டு செப்டெம்பர் 26-ஆந் திகதி இலண்டன் மாநகரிலே, நியாயதுரந்தரர் ஒருவரிடம் எழுதுவினைஞராயிருந்த ஏழை ஒருவருக்கு மைந்தராய்ப் பிறந்தார். பள்ளிப்படிப்புச் சிறுவயசிலே முடிந்தது. ஆயினும் தேவபத்தி மிகுந்தவராய், ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலையிலே பிள்ளைகளுக்கு வேதபாடம் கற்பித்துவந்தார். அத்தியட்சர் ஒருவர் வரவிருந்தமையால், பங்குக் குருவாகிய பாக்கர் என்பவர் இவரைத் திடப்படுத்தற் சடங்குக்கு ஆயத்தமாகும்படி பணித்தார். இவர் ஆங்கிலத் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளையும் நான்கு சுவிசேஷங்களையும் ஒப்புநோக்கி, அவை தம்முள் மாறுபடுதலைக் கண்டு, ஐயந்தீர்க்கும்படி குருவுக்கு நிருபம் எழுதினார். குரு ஐயத்தைத் தீர்த்தாரில்லை. வினாவையே நாத்திகமென்று தந்தையாருக்கு அறிவித்து, இவரை மூன்று மாதம் கற்பித்தற்றொழிலினின்றும் விலக்கினார். பின்பு, மூன்று நாளுள் மனந்திரும்பாவிடின் வீட்டையும் வேலையையும் இழக்கவேண்டுமென்னுங் கட்டளை வந்தது. ஏறக்குறையப் பதினாறு வயசினராகிய பிராட்லா வீட்டைவிட்டு வெளியேறினார்.

ஆசிரியர்காள், இவ்விடத்திலே சிறிது நிற்பீர்களாக. புளியந்தீவிலே பாதிரிமார் தொடக்கிய பாடசாலையொன்றில் யான் சிறுவனாய்ப் படித்த காலத்து, சிலுவைமேல் எழுதிய வாசகம் நான்கு சுவிசேஷத்தும் நான்கு விதமாயிருப்பது ஏன் என்று வினாவி, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டேன். அது பாதிரிமார் குற்றமென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பின்பு யானே ஆசிரியனாகிச் சைவ வகுப்பு நடத்துங்கால், சிவன் எங்கும் உளராயின் ஒருசாராரைக் கோயிலுக்குள்ளே விடாதிருந்தது ஏன் என்று மாணாக்கன் ஒருவன் வினாவினான். யானும் அவனை அதட்டி இருத்தினேன். அன்று பாக்கர் குருவுக்கும் எனக்கும் வேறுபாடு இருந்ததில்லை.

வீடிழந்த பிராட்லா வறுமையுற்று, 1850-இல் இராணுவத்திற் சேர்ந்து அயர்லாந்திலே சேவித்து, 1853-இல் மீண்டு, நியாயதுரந்தரரிடத்து எழுதுவினைஞராயினார். விக்கிரகங்களை உடைப்பவன் என்று பொருள்படும் புனைபெயரோடு ஊரூராய்ப் பிரசங்கஞ் செய்தார். 1866-இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை நிறுவினார்.

கடவுள் இல்லையென்று இவர் சாதித்தாரல்லர். அச்சொல்லுக்குத் தெளிவான பொருள் தமக்கு விளங்கவில்லையென்பதே இவர் பட்சம். ஆதாம் செய்த பிழைக்காக அவன் மரபினர் யாவரும் தண்டிக்கப்படுதலும், பிறர் பாவத்துக்காகக் குற்றமற்ற ஒருவர் பலியாதலும் நீதியாகாவென்று வாதித்தார். அடிமை வியாபாரம் வேதவாக்கியங்களால் ஆதரிக்கப்பட்டதென்றும், சூனியக்காரரென்று எளியோரைக் கொல்லுங் கொடுமை அவநம்பிக்கை வளர வளரவே ஒழிந்ததென்றும் 1889-இல் எழுதினார். வேதம் என்னுமிடத்து நம் நூல்களையும், அடிமை என்னுமிடத்துச் சாதிக்கொடுமையையும் வைத்துப் படிப்போமாயின், இவ்வாள் இருபுறமுங் கூருடையதென்பது விளங்கும்.

1880-இல் நார்தாம்டன் நகரத்தார் இவரைப் பார்லிமெண்டுக்குத் தெரிந்தனுப்பினர். கடவுள்மேல் ஆணையிடாது உறுதிமொழி மாத்திரம் கூறுவேனென்றார், சபை மறுத்தது. பின்பு ஆணையிடவும் இசைந்தார். நாத்திகன் ஆணை செல்லாதென்று அதனையும் மறுத்தது. மணிக்கூட்டுக் கோபுரத்திலே ஓரிரவு சிறைவைக்கப்பட்டார். 1881-இல் பலாத்காரமாய் வெளியே இழுத்துத் தள்ளப்பட்டார். நகரத்தாரோ 1885 வரையில் ஐந்துமுறை இவரையே தெரிந்தனர். இவர்பொருட்டு 1883-இல் வழக்காடியவர் பத்திமிக்க கிறிஸ்தவராகிய கிளாட்ஸ்டன் பிரதமர் என்பதை நாம் மறத்தலாகாது. அம்மசோதா மூன்று வாக்கினால் தோற்றது. 1886-இல் இவர் ஆசனம் பெற்றார். 1888-இல் இவர் முயற்சியாலே, ஆணைக்கு ஈடாக உறுதிமொழி கூறும் உரிமை யாவர்க்குஞ் சட்டமாயிற்று.

இந்தியர் குறைகளைச் சபையிலே எடுத்துரைத்தமையால் இந்தியாவின் பிரதிநிதி எனப் பெயர்பெற்று, 1889-இல் பம்பாய்க் காங்கிரசுக்கும் வந்தார். சென்னையிலே 1882 முதல் 1888 வரை தத்துவவிவேசினி என்னும் பத்திரிகை நடத்திய தமிழ் நாத்திகரும் இவர் வழியைப் பின்பற்றினர்.

1891 ஜனவரி 27-ஆந் திகதி, இவரை விலக்கிய பழைய தீர்மானத்தைச் சபையார் தம் ஏட்டினின்றும் நீக்கினர். நினைவிழந்து கிடந்த இவர் அதனை அறியாமலே 30-ஆந் திகதி தேகவியோகமாயினார். அப்பொழுது இலண்டனிலே சட்டம் பயின்ற காந்தியும் இவர் சவ அடக்கத்துக்குச் சென்றிருந்தார். மீளும்வழியிற் புகையிரத நிலையத்திலே நாத்திகர் ஒருவர் பாதிரியார் ஒருவரை வினாக்களால் மடக்கி வருத்தியதைக் கண்டு, நாத்திகத்தின்மேல் அவருக்கிருந்த வெறுப்பு மிகுந்தது. எதிரியை மடக்குதல் வேறு, உண்மையைக் காட்டுதல் வேறு.

நம் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்திலே, கடவுளையும் மறுமையையும் மறுக்கும் உலோகாயதன் கொள்கையை முதலில் முற்ற உரைத்து, அதன்பின்னரே மறுத்தார். அவன் வாயை அடைத்தாரில்லை. அதுவே சைவாசிரியர்க்கு ஏற்ற நெறி. ஆதலால் மாணாக்கன் வினாவுமிடத்து விடை தெரிந்தால் உரைப்போமாக, தெரியாவிடின் தெரியாதென்போமாக, குற்றம் நம்முடையதாயின் ஒப்புக்கொள்வோமாக. வகுப்புக்கு வெளியே ஒரு பிள்ளையை நிறுத்துவோமாயின், அவனோடு சைவத்தையும் வெளியே நிறுத்தினவராவோம்.