மதுரை வடக்கின் உறுப்பினர்

1952இல் முதல் பொதுத்தேர்தல் முடிந்தபோது, சென்னை மாநிலச் சட்டப்பேரவையில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றவை 152. அடுத்த நிலையில் 62 இடங்களுடன் கம்யூனிஸ்ட் கட்சி இருந்தது. சுயேச்சைகளும் ஏறத்தாழ அதே அளவினர். மதுரை வடக்குத் தொகுதியிலிருந்து கம்யூனிஸ்ட் உறுப்பினராக அவைக்குச் சென்றவர் பி.ராமமூர்த்தி. தொங்கு பேரவை, வெளியிலிருந்து ஆதரவு, ஆளுநரின் விருப்புரிமை என்று இன்று நாம் அன்றாடம் கேட்கும் சொற்களுக்குப் பின்னாலுள்ள சிக்கல்கள் அனைத்தையும் அந்த ஒரே ஆண்டில் நேருக்கு நேர் கண்டவர் அவர்.

தஞ்சை மாவட்டத்தில், கும்பகோணத்தை அடுத்த வேப்பத்தூரில் 1908 செப்டம்பர் 20 அன்று, வடமொழி அறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தார். காங்கிரசில் தொடங்கி, காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி வழியாகக் கம்யூனிஸ்ட் இயக்கத்தை அடைந்தார். பிறப்பு காவிரிக் கரையில் என்றாலும், அவருடைய அரசியல் உருப்பெற்றது வைகைக் கரையில்தான். ஹார்வி ஆலையின் தொழிலாளர்களைக் கொண்டிருந்த மதுரை, அன்று தொழிற்சங்கப் போராட்டத்தின் தலைநகரங்களுள் ஒன்று. 1946ஆம் ஆண்டின் இறுதியில் தொடரப்பட்ட மதுரைச் சதி வழக்கில் அவரே முதல் எதிரி. பல மாதச் சிறைவாசத்துக்குப் பின், 1947 ஆகஸ்ட் 14 அன்று, நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய நாள், அவரும் தோழர்களும் விடுவிக்கப்பட்டனர்.

அவ்வழக்கு தொடரப்பட்டபோது சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் டி.பிரகாசம். அவரது ஆட்சியில்தான் 1947 தொடக்கத்தில் கம்யூனிஸ்ட்கள் மாகாணமெங்கும் கைது செய்யப்பட்டனர். ஐந்தாண்டுகள் கழித்து, காங்கிரசை விட்டு விலகியிருந்த அதே பிரகாசத்தைத் தலைவராக ஏற்று, கம்யூனிஸ்ட்களும் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியினரும் வேறு பல சிறு கட்சியினரும் ஐக்கிய ஜனநாயக முன்னணியை அமைத்தனர். தங்களுக்கு 166 உறுப்பினர்களின் ஆதரவு உள்ளதென ஆளுநரிடம் உரிமை கோரினர். தம்மைச் சிறையிலிட்ட ஆட்சியின் தலைவரை முதல்வராக்க ராமமூர்த்தியின் கட்சி முன்வந்தது. இதனைச் சந்தர்ப்பவாதம் என்று அன்றே பலர் கருதியிருக்கக்கூடும். எனினும், காங்கிரசுக்கு எதிராக வாக்களித்த பெரும்பான்மையினருக்கு ஓர் அரசு அமைய வேண்டுமாயின், அதற்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

ஆளுநர் ஸ்ரீபிரகாசா அக்கோரிக்கையை ஏற்கவில்லை. தேர்தலிலேயே போட்டியிடாத ராஜாஜியைச் சட்டமேலவைக்கு நியமன உறுப்பினராக்கி, ஏப்ரல் 10 அன்று முதல்வராகப் பதவியேற்கச் செய்தார். மேலவை நியமனம் என்பது இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகிய துறைகளில் சிறந்தோருக்கென அரசியலமைப்புச் சட்டம் ஒதுக்கிய இடம். ராஜாஜி எழுத்தாளர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எழுத்தாளர் என்பதற்காகவா அவர் நியமிக்கப்பட்டார் என்பதே கேள்வி. அந்நியமனத்தை எதிர்த்து ராமமூர்த்தி சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். தலைமை நீதிபதி ராஜமன்னார், நீதிபதி வெங்கடராம ஐயர் ஆகியோர் அடங்கிய அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்நியமனத்தால் மனுதாரர் தனிப்பட்ட முறையில் பாதிக்கப்படவில்லை என்பது கூறப்பட்ட காரணம். சட்டத்தின் கண்களுக்கு அது சரியாக இருக்கலாம். மதுரை வடக்கில் அவருக்கு வாக்களித்தோர் பாதிக்கப்பட்டனரா என்று கேட்க அக்காலச் சட்டத்தில் இடமில்லை.

ராஜாஜி சிறுபான்மை அரசைப் பெரும்பான்மையாக்கிய விதம் தனிக் கதை. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவையில் இடம்பெற்றார். சுயேச்சைகளும் சிறு கட்சியினரும் ஒவ்வொருவராக ஆளும் தரப்புக்கு வந்தனர். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல்தான் வந்தது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். ஜூலை 3 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாக 200 வாக்குகள், எதிராக 151. அவையில் பெரும்பான்மை உறுதியாயிற்று. ஆனால் பதவியேற்று ஏறக்குறைய மூன்று மாதங்களுக்குப் பின்னர். முதலில் பதவி, பிறகு பெரும்பான்மை என்ற அந்த வரிசையே ராமமூர்த்தியின் மனக்குறை. ஆந்திரம் பிரிந்த பின் எதிர்க்கட்சித் தலைவர் இருக்கையில் அமர்ந்தவரும் அவர்தான்.

காலம் செய்த வேடிக்கை 1967இல் வந்தது. கம்யூனிஸ்ட் கட்சி 1964இல் பிளவுற்றபோது மார்க்சிஸ்ட் கட்சியின் முதல் அரசியல் தலைமைக் குழு உறுப்பினர் ஒன்பது பேரில் ஒருவரான ராமமூர்த்தியும், கம்யூனிஸ்ட்களைத் தமது முதன்மை எதிரிகளாக அறிவித்திருந்த ராஜாஜியின் சுதந்திரா கட்சியும், அண்ணா அமைத்த கூட்டணியில் ஒருசேர நின்றனர். அக்கூட்டணியின் துணையோடு மதுரை மக்களவைத் தொகுதியில் ராமமூர்த்தி வென்றார். தி.மு.க. தனித்தே பெரும்பான்மை பெற்றதால், பேரவையில் 11 இடங்களைப் பெற்ற மார்க்சிஸ்ட்களின் தயவு அதற்குத் தேவைப்படவில்லை. கூட்டணி கண்டதற்காகத் திராவிட இயக்கம் பற்றிய தமது விமர்சனத்தை ராமமூர்த்தி கைவிடவுமில்லை. பிற்காலத்தில் அதனை ஒரு நூலாகவே எழுதினார்.

தில்லியில் அவருக்கு இன்னொரு சிறுபான்மை அரசு காத்திருந்தது. 1969 நவம்பரில் காங்கிரஸ் பிளவுற்றதும் இந்திரா காந்தி மக்களவையில் பெரும்பான்மை இழந்தார். தி.மு.க.வும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் அவரைத் தாங்கின. மார்க்சிஸ்ட்கள் வங்கிகள் தேசியமயம் போன்றவற்றில் ஆதரித்தனர். அரசின் கூட்டாளிகளாக மாற மறுத்தனர். அதே காலத்தில், 1970இல், சி.ஐ.டி.யு. தொடங்கப்பட்டபோது அதன் பொதுச் செயலாளரானார் ராமமூர்த்தி. அவையில் தாங்கிய அரசைத் தெருவில் எதிர்க்கும் சங்கடம் அவருக்குப் புதிதன்று. 1979இல் சரண் சிங்கின் அரசு நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே பதவி விலகியபோது அவர் மாநிலங்களவை உறுப்பினர்.

1987 டிசம்பர் 15 அன்று அவர் மறைந்தார். ஓர் அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பதை ஆளுநர் மாளிகையில் அல்ல, சட்டப்பேரவையில்தான் முடிவுசெய்ய வேண்டும் என்று எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994 மார்ச்சில் தீர்ப்பளித்தபோது, அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன.