பினாங்கில் பேசிய காவியுடைச் சாது

ஜார்ஜ்டவுன் – குடும்பத்தில் ஒருவர் மதம் மாறினால் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் வீடுகள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. சாது சுந்தர் சிங்கின் வாழ்க்கையும் அப்படித்தான் தொடங்கியது.

1889 செப்டம்பர் 3-ஆம் தேதி பஞ்சாப், ராம்பூரில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த அவர், 14 வயதில் தாயை இழந்தார். அந்த வேதனையில் கிறிஸ்துவப் போதகர்களை ஏசினார். 1904-இல் வேதாகமத்தையே எரித்தார். சில நாள்களில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். குடும்பம் அவரை விலக்கி வைத்தது. கடைசியாகக் கொடுத்த சாப்பாட்டில் விஷம் கலந்திருந்ததாக அவரே பின்னாளில் கூறினார். 1905-இல், தமது 16-ஆவது பிறந்தநாளில், சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார்.

ஏசிய வாய் அதன்பின் மாறியது. காவி உடுத்தி, கையில் காசின்றி ஊர் ஊராக நடந்தார். தமது குடும்பத்தின் சமயத்தை இழித்துப் பேசாமல், தம்மைச் சாதுவாக்கியது தாயின் பக்தியே என நன்றியோடு சொல்லி வந்தார். 1918-இல் மலாயா வந்தபோது, பினாங்கில் சீக்கியர் கோயிலிலேயே பேச அவருக்கு அழைப்பு கிடைத்தது. விட்டுவந்த சமூகமே அவருக்குக் கதவைத் திறந்தது.

1919-இல் தந்தை ஷேர் சிங்கும் கிறிஸ்துவரானார். மறு ஆண்டு மகனின் ஐரோப்பியப் பயணச் செலவை அவரே ஏற்றார்.

1929-இல் திபெத்துக்குப் புறப்பட்ட சாது திரும்பவில்லை. ஆனால், அறுந்துபோன உறவு அதற்கு முன்பே ஒட்டிவிட்டது. அன்பான பேச்சு பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து பெற்ற பலன் அது.