கல்லில் உறங்கிய எண்ணம்

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி. சென்னைக்கு அருகே பல்லாவரம். சரளைக் கல் தோண்டிய குழியில் கிடந்த ஒரு கல்லை, வெள்ளைக்காரர் ஒருவர் குனிந்து எடுத்தார். புரட்டிப் பார்த்தார். அது வெறும் கல் அல்ல. ஆதி மனிதன் தன் கையால் செதுக்கிய கோடரி!

அந்த வெள்ளைக்காரர்தான் ராபர்ட் புரூஸ் பூட். இங்கிலாந்தில் 1834-ல் பிறந்தவர். 24-வது வயதில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். தமிழறிஞர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மருமகன்.

கல்லைக் கூராக்கினால் வெட்டலாம், கிழிக்கலாம் என்பது ஆதி மனிதனின் எண்ணம். அவன் மறைந்தான். அவன் சந்ததியும் கல்லை விட்டு இரும்புக்கு மாறியது. அப்படியானால் அந்த எண்ணம் எங்கே போயிற்று? யாரும் நினைக்காதபோது அது இருந்ததா, அழிந்ததா?

பூட், பிரான்சிலும் இங்கிலாந்திலும் கிடைத்த கற்கருவிகளைப் பற்றிப் படித்திருந்தார். அதனால்தான் பல்லாவரத்துக் கல் அவர் கண்ணில் பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்குள்ளவை ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தும் செதுக்கிய தடம் அழியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பூட் ஏற்காட்டில் குடியேறினார். அந்தச் சேர்வராயன் மலையில் வேறொரு விந்தை! மெருகேற்றிய பழங்காலக் கற்கோடரிகளை மலைமக்கள் கண்டெடுத்து, சிறு கோயில்களில் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். அது மரம் வெட்டிய கருவி என்பது மறந்து போயிற்று. ஆனால் அது சாதாரணக் கல் அல்ல என்பது மட்டும் மறக்கவில்லை!

நாற்பது ஆண்டுகளாகப் பூட் சேர்த்த கருவிகளை 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கிக் கொண்டது. 1912-ல் அவர் காலமானார். ஏற்காடு ஹோலி டிரினிடி தேவாலயத்தில் அவருடைய நினைவுச் சின்னம் இருக்கிறது.

விதைக்குள் மரம் இருக்கிறது. ஆனால் மண்ணும் நீரும் கிடைத்தால்தான் முளைக்கும். செதுக்கியவனின் எண்ணமும் அப்படித்தான் கல்லுக்குள் காத்துக் கிடந்தது. அதை முளைக்க வைக்க, இன்னொரு மனிதனின் சிந்தனை வேண்டியிருந்தது. வீட்டுப் பரணில் கிடக்கும் பாட்டன் காலத்துப் பொருளை வீசி எறியுமுன் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது நல்லது. அதற்குள்ளும் ஓர் எண்ணம் உறங்கிக்கொண்டிருக்கலாம்!