கப்பித்தான் காதிர் முகையதீன் மரைக்காயர்

சிம்பாங் பூலாயிலிருந்து பினாங்குக்கு நெடுஞ்சாலை வழியே இரண்டு மணி நேரப் பயணந்தான். விடுமுறை வந்தால் நம் அன்பர்கள் குடும்பத்தோடு அங்கே புறப்பட்டு விடுகின்றனர். ஜார்ஜ் டவுன் ஆர்மீனியன் தெருவில் 2012-ஆம் ஆண்டு தீட்டப்பெற்ற சைக்கிள் சித்திரத்தின் முன்னின்று படமும் எடுத்துக் கொள்கின்றனர். அதில் குற்றமில்லை. ஆனால், அங்கிருந்து சில நிமிட நடையில், ஜாலான் கம்போங் கோலாமில் நம்மவர் ஒருவரின் கப்று இருப்பதை அறிந்தோர் சிலரே.

அன்னார்தாம் காதிர் முகையதீன் மரைக்காயர். சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வந்த வணிகர். 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றியபின், நம் கரையிலிருந்து சூலியா வணிகரும் கப்பலோட்டிகளும் கூலியாட்களும் அங்கே திரளாகக் குடியேறினர். வழக்குத் தீர்க்கவும், கம்பெனியாரிடம் குறை எடுத்துரைக்கவும் அம்மக்களுக்கு ஒரு தலைவர் தேவைப்பட்டார். 1801-இல் அப்பொறுப்பு மரைக்காயருக்கு அளிக்கப்பெற்றது. அதுவே கப்பித்தான் பதவி.

பதவி கிடைத்ததும் அன்னார் கண்ணும் கருத்துமாக நின்றது பள்ளிவாசல் பணியிலேயே. அதே ஆண்டு லெப்டினென்ட் கவர்னர் ஜார்ஜ் லீத் காலத்தில், பள்ளிக்கும் மையவாடிக்குமாக 18 ஏக்கர் நிலம் கம்பெனியாரிடமிருந்து கிடைத்தது. கொத்தர்களும் கல்லும் இந்தியாவிலிருந்து வந்திறங்க, கப்பித்தான் பள்ளி எழுந்தது. 1834-இல் அன்னார் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நிலம் இருந்தது, அதைக் காப்பதில்தான் பின்வந்தோர் தவறினர். வக்பு நிர்வாகம் சீர்கெட்டு, பள்ளியைச் சுற்றிக் குடிசைகள் நெருங்கின. முடிவில், 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கென அரசாங்கம் ஒரு வாரியம் அமைக்க நேர்ந்தது. நம் சொத்துக்கு நாமே கணக்கு வைக்காததால், பிறர் வந்து கணக்குப் பார்த்தனர். அதன் பின்னரே நியூப்ரானர் என்னும் கட்டடக் கலைஞர் 1910-இல் பள்ளியை மொகலாயப் பாணியில் விரித்துக் கட்டினார். இன்று நாம் காணும் குவிமாடங்களின் வரலாறு இதுவே.

பள்ளியின் முன்னுள்ள வீதி முன்பு இங்கிலாந்துப் பிரதமர் பிட்டின் பெயரைத் தாங்கியிருந்தது. இப்போது அது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். அதே வீதி வரிசையில் 1818-இல் கட்டிய மாதா கோயில் அல்லாத ஆங்கிலத் திருச்சபைக் கோயிலும், சீனர் கோயிலும், 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் நிற்கின்றன. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியதற்கு இத்தகைய ஒற்றுமையும் காரணமாகும்.

லைட்டுக்குக் கோட்டையருகே சிலை உண்டு. நம் மார்க்கத்தில் சிலைக்கு இடமில்லை. நிலைத்த தர்மத்துக்கே இடமுண்டு. ஆகவே, நம் ஊர்ப் பள்ளியின், மதரஸாவின், மையவாடியின் பத்திரங்களும் கணக்குகளும் ஒழுங்காக உள்ளனவா என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் இன்றே பார்த்துக் கொள்ளட்டும். அன்னாரின் கப்றைக் காண்போர் ஒரு பாத்திஹா ஓதி வருக. அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்பணியை ஏற்றருள்வானாக! ஆமீன்.