தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

1774-இல் திருநெல்வேலியிற் பிறந்த வேதநாயகரை, லுத்தரன் குருவாகிய சுவார்ட்ஸ் ஐயர் இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பெத்லகேம் குறவஞ்சி இயற்றிய அப்புலவர், கிறிஸ்துவின் பிறப்பையும் பாடுகளையும் தமிழ்ப் பண்ணிற் கீர்த்தனைகளாக்கினார்.

பின்வந்த மிஷனெரிமார் பண்டிகைகளில் மலரையும், ஆராதனையிற் கீர்த்தனையையும் விலக்கினர். பழைய வேத மொழிபெயர்ப்பையும் திருத்த முற்பட்டனர். சாஸ்திரியார் எதிர்த்தெழுதி, 1829-இல் பதவியிழந்தார். அவ்வெழுத்துகளிற் சாதிப் பிரிவினையையும் ஆதரித்தது நாம் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் பண்டிகைக்குத் தாய்மொழி இசை வேண்டுமென்று அவர் நின்ற நிலை பெரிது. சுவார்ட்ஸ் ஐயரிடம் தாமும் கற்ற சரபோஜி மன்னர், இந்துவாயினும், அவரை ஆதரித்தார்.

1864-இல் அவர் மறைந்தார். விலக்கப்பட்ட கீர்த்தனைகளோ இன்றும் ஆலயங்களில் ஒலிக்கின்றன. ஊர்விட்டு வந்தும் நம் பண்ணோடு விழாவெடுக்கும் நாம், அவரை நினைத்தல் கடனன்றோ!